பெட்டியில் எழுதிய எண்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ரயில். புதிய ரயில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எந்த நிறத்தில் ஓடுகிறது என்றெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பெட்டிக்குள் இருக்கும் இடத்தைப் பற்றி. ஃபர்ஸ்ட் கிளாஸில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம்? ஜெனரல் பெட்டியில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம்? அதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவை நம்மைக் கேட்டா எடுத்தார்கள்?

நாமக்கல்லில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த ஐந்தாண்டில், 1861இல், அந்தப் பாதை சேலத்துக்கு வந்துவிட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத் தூரத்தைக் கடக்க ரயிலுக்கு நூற்றைம்பத்திரண்டு ஆண்டு ஆயிற்று. சேலம்–கரூர் பாதை, 85 கிலோமீட்டர், 2013 மே மாதம்தான் பயணிகளுக்குத் திறந்தது. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் 1972இல் கண் மூடும்வரை தம் சொந்த ஊரில் ஒரு ஸ்டேஷனைப் பார்க்கவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்து ரயிலைப் பெற்ற மக்கள் நாம். அந்த ரயிலில் நமக்கு எந்த மூலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கும் உரிமை வேறு எவரையும்விட நமக்கு அதிகம்.

சேலம் ஜங்ஷனில் ஒரு விரைவு ரயில் வந்து நிற்பதை மனத்தில் கொண்டுவாருங்கள். இருபத்திரண்டு பெட்டி கோத்த வண்டி. இப்போது வரும் எல்.ஹெச்.பி. பெட்டி ஒவ்வொன்றும் இருபத்துமூன்றரை மீட்டர் நீளம். முழு வண்டியும் அரை கிலோமீட்டருக்கு மேல். ஜெனரல் பெட்டி எங்கே இருக்கும்? ஒன்று எஞ்சினுக்குப் பின்னால், இன்னொன்று கார்டு பெட்டிக்கு முன்னால். நடுவில், படிக்கட்டு இறங்கும் இடத்தில், நிழல் இருக்கும் இடத்தில், தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் நிற்பவை ஏசிப் பெட்டிகள். பெர்த் எண் தெரிந்தவர், பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையில் பார்த்துக்கொண்டு நிதானமாக நடக்கிறார். பெர்த் இல்லாதவர் ஓடுகிறார். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, கையில் பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே உறை. "ஏனுங்கண்ணா, ஜெனரல் பெட்டி முன்னாடிங்களா, பின்னாடிங்களா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா ஓடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். வண்டி நிற்பதோ சில நிமிடம். ஓடிப் போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே ஆள் தொங்குகிறது.

இப்போது அந்தப் பெட்டிகளின் கணக்கைப் பாருங்கள். ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே சக்கரம். ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் 24 பேர். ஏசி மூன்றடுக்கில் 72 பேர். ஸ்லீப்பரில் 80 பேர். ஜெனரலில் 100 பேர். இது எழுதப்பட்ட எண்ணிக்கை. இந்த நான்கு எண்ணில் மூன்று காப்பாற்றப்படுகின்றன, அல்லது காப்பாற்றப்பட வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸில் இருபத்தைந்தாவது ஆள் ஏறினால் டி.டி.ஆர். வருவார், போலீஸ் வரும், அபராதம் வரும். ஜெனரலில் நூற்றோராவது ஆள் ஏறினால் என்ன வரும்? இருநூறாவது ஆள் ஏறினால் என்ன வரும்? ஒன்றும் வராது. கவுன்ட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த டிக்கெட்டுக்கு உச்சவரம்பு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 57ஆம் பிரிவு. ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்று ரயில்வே நிர்வாகம் நிர்ணயிக்க வேண்டும். அந்த எண்ணைக் கண்ணில் படும்படி, இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மட்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. எல்லாவிதப் பெட்டிக்கும் என்றுதான் சொல்கிறது. இது புதிதாக வந்த கருணையும் அல்ல. வெள்ளைக்காரன் போட்ட 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. நிரம்பிய பெட்டிக்குள் பயணியைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவதை அந்தச் சட்டம் குற்றமாகவே வைத்திருந்தது. ஆக, நூற்று முப்பது ஆண்டுக்கு மேலாக இந்த நாட்டில் எண் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய எண் ஒரு பக்கம் நிற்கிறது, ஏறிய கூட்டம் ஒரு பக்கம் நிற்கிறது.

இதை உட்கார்ந்து எண்ணிய மனிதர் ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1893இல் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கித் தள்ளப்பட்டவர். அந்த மனிதர் இந்தியாவுக்குத் திரும்பி வந்ததும் ஃபர்ஸ்ட் கிளாஸில் ஏறும் உரிமையை நிலைநாட்டப் போகவில்லை; மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் எழுதியிருந்த எண் 22. ராய்ச்சூர் தாண்டியதும் நெருக்கம் தாங்க முடியவில்லை. முப்பத்தைந்து பேர் வரை அந்தப் பெட்டியில் இருந்தார்கள் என்று காந்தி எழுதி வைத்தார். சிலர் தரையில் குப்பைக்கு நடுவே படுத்திருந்தார்கள், சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ராஞ்சியிலிருந்து இந்திய ரயில்வேயின் மூன்றாம் வகுப்பைப் பற்றி வெளியிட்ட கடிதத்தில் அவர் கேட்டது ஒரு கணக்குக் கேள்வி. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்கு. அப்படியானால் முதல் வகுப்புக்காரர் பெறும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரருக்குக் கிடைக்க வேண்டாமா? பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா?

நண்பர்களே, அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து இன்றைய வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். சேலத்திலிருந்து சென்னைக்கு ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ் கட்டணம், ஜெனரல் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஜெனரல் டிக்கெட்டை ஒரு பங்கு என்று வையுங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி நிறைந்தால் 24 பேர், ஆளுக்குப் பத்துப் பங்கு, மொத்தம் 240 பங்கு. ஜெனரல் பெட்டி சட்டப்படி நிறைந்தால் 100 பேர், 100 பங்கு. அதே ஜெனரல் பெட்டியில் 240 பேர் அடைந்தால்? 240 பங்கு. இரண்டு பெட்டியும் சமம்! தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தப் பெட்டிக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், இருநூறுக்கு மேல் என்பது கற்பனை எண் அல்ல. அதாவது ஏழை தன் காசைக் குறைத்துக் கொடுத்தான் என்று சொல்லாதீர்கள். நின்றுகொண்டே, தொங்கிக்கொண்டே, கழிப்பறை வாசலில் குந்திக்கொண்டே அந்தப் பெட்டிக்கு உரிய முழுக் காசையும் கூட்டமாகக் கட்டிவிட்டுத்தான் போகிறான்.

ரயில்வேக்கும் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் பேசியவன் ஆகமாட்டேன். டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே திரும்பப் பெறுகிறது என்று. மீதியைச் சரக்கு ரயில் சுமக்கிறது. நிலக்கரியும் சிமென்ட்டும் நம் பயணத்துக்குக் காசு கட்டுகின்றன. இது உண்மை, நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. ஆனால் என் கேள்வி இது. பெட்டியை இழுக்க ஆகும் செலவு உள்ளே நூறு பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியிருக்க, ஜெனரல் பயணியால் நஷ்டம் என்று சொல்லும்போது எந்தப் பயணியைச் சொல்கிறீர்கள்? உட்கார்ந்திருக்கும் நூறு பேரையா, நிற்கும் நூறு பேரையும் சேர்த்தா?

நான் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு எதிரி அல்ல. இதை அழுத்தமாகச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிறவர், முதுகு வலிக்காரர், எண்பது வயதுத் தாயை அழைத்துப் போகும் மகன், இவர்கள் காசு கொடுத்து ஒரு கதவையும் ஒரு படுக்கையையும் வாங்கிக்கொள்வதில் என்ன தவறு? கொடுத்த காசுக்கு உரிய இடத்தைப் பெறுகிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. கோபப்பட வேண்டியது வேறோர் இடத்தில்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் பழைய முதல் வகுப்பை எடுத்தார்கள், இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பாயிற்று. 1974இல் மூன்றாம் வகுப்பை எடுத்தார்கள். ஆனால் பலகைதான் மாறியது, மரப் பெஞ்சு மாறவில்லை. அதை மாற்றியவர் 1977இல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே. இரண்டாம் வகுப்புப் படுக்கையில் இரண்டு அங்குல மெத்தை போடச் செய்தார். இன்று ஸ்லீப்பரில் முதுகு வலிக்காமல் நாம் தூங்குகிறோம் என்றால் அந்த இரண்டு அங்குலத்துக்குச் சொந்தக்காரர் அவர். வகுப்பு வேறுபாடே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸையும் அதே ஆண்டு பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே ஓடவிட்டார். ஓர் அமைச்சர் நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நெரிசல் மழை போல் வானத்திலிருந்து விழுவதில்லை. நெரிசல் ஒரு முடிவு. ஒரு வண்டியில் இத்தனை பெட்டிதான் கோக்க முடியும். பிளாட்பாரத்தின் நீளமும், வண்டி ஒதுங்கி நிற்கும் லைனின் நீளமும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. இருபத்திரண்டு, அதிகம் போனால் இருபத்துநான்கு. அதற்குள் ஒரு ஏசிப் பெட்டி கூடினால் வேறொரு பெட்டி குறைந்தாக வேண்டும். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளை மாற்றி எல்.ஹெச்.பி. பெட்டிகள் வந்தபோது பாதுகாப்பு கூடியது, அது நல்லதே. ஆனால் பெட்டி நீளமானதாலும், மின்சாரம் தரும் ஜெனரேட்டர் பெட்டி வண்டியின் முனையில் இடம் பிடித்ததாலும் இடம் சுருங்கியது. யாருடைய இடம் சுருங்கியது? ஏசிக்காரருடையதா? பல விரைவு ரயில்களில் ஜெனரல் பெட்டி இரண்டு என்ற நிலை வந்தது. வேண்டும் என்று யாரும் கொடுமை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எங்கோ ஓர் அலுவலகத்தில், ஒரு மேஜையில், ஒரு தாளில் இரண்டு என்று எழுதினார்கள். அந்தத் தாள்தான் சேலம் ஜங்ஷனில் அந்த அம்மாவை ஓடவைக்கிறது.

தாளில் எழுதியதைத் தாளிலேயே மாற்றவும் முடியும். 2024இல் ரயில்வே அமைச்சகம் ஏசி இல்லாத பெட்டிகளைப் பத்தாயிரம் அளவில் செய்யப்போவதாக அறிவித்தது. பல வண்டிகளில் ஜெனரல் பெட்டி மறுபடியும் நான்காகி வருகிறது. மகிழ்ச்சி. வரவேற்கிறேன். ஆனால் எதனால் மாறியது? கூட்டம் ரிசர்வேஷன் பெட்டிக்குள் ஏறி, அங்கிருந்தவர்கள் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிய பிறகு மாறியது. ஜெனரல் பெட்டிக்குள் மூச்சுமுட்டிய ஆண்டுகளில் யாரும் படம் பிடிக்கவில்லையா? பிடித்தார்கள். அது செய்தியாகவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பேச்சு ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "வடக்கத்திக்காரங்க வந்து பெட்டியை அடைச்சுக்கறாங்க" என்கிறோம். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாக வருகிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நெடுந்தூரம் பயணம் செய்து இளைஞர்கள் அதில் வருகிறார்கள். எங்கே வருகிறார்கள்? நம் கோழிப் பண்ணைக்கு, நம் விசைத்தறிக்கு, திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு. நாம் கூப்பிட்டு வந்தவர்கள். சேலத்தில் அதே பெட்டியில் ஈரோட்டுக்குப் போகிறவர் ஏறுகிறார். அவருக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்தப் பையனுக்கு அது இரண்டாவது இரவு. இவருக்கு நிற்க இடம் வேண்டும், அவனுக்குச் சாய இடம் வேண்டும். வாசலில் இருவரும் முறைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. இந்தச் சண்டையை மூட்டியது யார்? ஈரோட்டுக்காரருக்குத் தனியாக ஒரு பாசஞ்சர் வண்டி அந்த நேரத்தில் இருந்திருந்தால் அவர் ஏன் தன்பாத் வண்டியில் ஏறப் போகிறார்? அந்தப் பையன் கிளம்பிய ஊரில், இருக்கும் இடத்துக்குமேல் டிக்கெட் விற்காமல் இன்னொரு வண்டி விட்டிருந்தால் அவன் ஏன் நடைபாதையில் படுக்கப் போகிறான்? இரண்டு ஏழைகளை ஒரே வாசலில் மோதவிட்டு, கதவுக்கு அப்பால் இருபத்துநான்கு பேரை நிம்மதியாகத் தூங்கவைக்கும் ஏற்பாடு இது. என் கோபம் இந்த ஏற்பாட்டின்மேல்.

எண்ணப்படாதவர்கள் என்று இவர்களைச் சொல்கிறேன். அது மேடைக்காகச் சொன்ன சொல் அல்ல. 2023 ஜூன் 2ஆம் தேதி ஒடிசாவில் பாலாசோர் அருகே, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. முன்னால் இருந்த ஜெனரல் பெட்டி நொறுங்கியது. எதிர்த்திசையில் ஹவுரா நோக்கிப் போன வண்டியின் கடைசிப் பெட்டிகள் அடிபட்டன. அங்கேயும் ஜெனரல் பெட்டி. ரிசர்வேஷன் பயணிகளின் பட்டியல் உடனே வந்தது. பெயர், வயது, பெர்த் எண். ஜெனரல் பெட்டிக்கு ஏது பட்டியல்? எத்தனை பேர் இருந்தார்கள் என்றுகூடச் சொல்ல ஆள் இல்லை. உரிமை கோர ஆள் இல்லாமல் 28 உடல்கள் நான்கு மாதம் காத்திருந்தன. தாய்மாரே, தந்தையரே, அவர்களும் டிக்கெட் எடுத்தவர்கள்தானே?

2025 பிப்ரவரி 15ஆம் தேதி இரவு புது தில்லி ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்து 18 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தில்லி உயர் நீதிமன்றம் ரயில்வேயைப் பார்த்துக் கேட்டது: பெட்டிக்கு இத்தனை பேர் என்று சட்டம் இருக்கும்போது அதற்குமேல் டிக்கெட் விற்பது ஏன்? நான் சொன்ன அதே 57ஆம் பிரிவு. அந்தக் கேள்வி நீதிமன்றத்தில் எழ, பதினெட்டு உயிர் போக வேண்டியிருந்தது.

வெளியுலகில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் 1844இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், மூன்றாம் வகுப்புப் பயணிக்கும் தினம் ஒரு வண்டியாவது கூரையோடும் இருக்கையோடும், மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஓட வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. அதற்கு முன் திறந்த பெட்டியில் மழையில் நனைந்துகொண்டு போனார்கள். பாரிஸ் மெட்ரோவில் ஃபர்ஸ்ட் கிளாஸ் இருந்தது. 1982இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: காலையிலும் மாலையிலும் கூட்டம் மிகுந்த நேரத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். 1991இல் அந்த வகுப்பையே எடுத்துவிட்டார்கள். இதுபோன்ற ஒன்று நம்மிடமும் இல்லாமல் இல்லை. தெற்கு ரயில்வேயில் சில வண்டிகளில் பகல் நேரத்தில் குறிப்பிட்ட ஸ்டேஷன்களுக்கு இடையே ஸ்லீப்பர் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். டி-ரிசர்வ்டு பெட்டி என்று சீசன் டிக்கெட்காரர்களுக்குத் தெரியும். நல்ல வழக்கம். அதை ஏன் விரிக்கக்கூடாது? பகலில் ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் இடையே பாதி காலியாக ஓடும் ஸ்லீப்பரில் இந்த மாவட்டத்து மாணவன் ஒருவன் உட்கார்ந்து போனால் யாருக்கு என்ன குறையும்?

பாசஞ்சர் வண்டிதான் இந்த நெரிசலுக்கு உண்மையான மருந்து. அதை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். சரி, அன்று வேறு வழியில்லை. மறுபடி விட்டபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் வைத்து, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ஆக்கினார்கள். அதே வண்டி, அதே வேகம், அதே ஸ்டேஷன். 2024 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி பத்து ரூபாய் ஆயிற்று. அதுவரை களங்காணியிலிருந்தும் புதுச்சத்திரத்திலிருந்தும் சேலத்துக்கு வேலைக்குப் போன பெண்ணுக்கு, போக இருபது, வர இருபது என்று நாளைக்கு நாற்பது ரூபாய் கூடுதல் செலவாயிற்று. மாதத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1ஆம் தேதி பிறந்தது. அதற்காக இந்த மாவட்டங்கள் எவ்வளவு குரல் கொடுத்தன என்பது இங்கே வெள்ளை முடியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். கேட்டோம், கோட்டம் வந்தது. கேட்டோம், கரூர் பாதை வந்தது. இப்போது கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சேலம்–கரூர் பாதையில் ஓடும் பாசஞ்சர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். காலையில் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி நேரத்துக்கு ஒன்று, இரவு கடை அடைத்த பிறகு ஒன்று கூடுதலாக வேண்டும். ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் பாதைக்கும் அப்படியே. சேலம் வழியாகப் போகும் எந்த நெடுந்தூர வண்டியிலும் நான்குக்குக் குறைவாக ஜெனரல் பெட்டி இருக்கக்கூடாது. அதில் ஒன்றாவது நடுவில், படிக்கட்டுக்கு அருகில் நிற்க வேண்டும். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று அதே ரயில்வே சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்கிறது. அது ஓடும் வண்டியில் இருக்கிறதா என்று யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். நெடுந்தூர ஜெனரல் டிக்கெட்டைக் கிளம்பும் ஸ்டேஷனில் எண்ணி விற்க வேண்டும். எண்ணிக்கை மீறும் நாளில் இன்னொரு வண்டி விட வேண்டும்.

ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒவ்வொரு கோட்டத்திலும் உண்டு. அதில் வணிகர் பேசுகிறார், ஏற்றுமதியாளர் பேசுகிறார். ஜெனரல் பெட்டிக்காக யார் பேசுகிறார்கள்? நாம் பேசுவோம். இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, மண்டப வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறோம். சூரமங்கலத்தில் இருக்கும் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி, நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி. கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்கள் எந்த வண்டியில், எந்த ஸ்டேஷனிலிருந்து எதுவரை போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை ஜெனரல் பெட்டியில் ஏறும்போது உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி, தேதியோடு அதே தாளில் வந்து சேர்த்துவிடுங்கள். அந்தக் கணக்கோடுதான் சூரமங்கலத்துக்குப் போக இருக்கிறோம்.